கட்டிங் மெஷினைப் பிரிப்பதற்கு முன்: தாத்தாவின் புல்லட்டை மாற்றியமைக்க விரும்பும் வாசகருக்கு

கேள்வி: எனக்கு 24 வயது. திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். என் தாத்தா 1989-இல் புதிதாக வாங்கிய புல்லட் 350 கடந்த 11 ஆண்டுகளாக எங்கள் மாட்டுக்கொட்டகையில் சாக்கு போர்த்தி நிற்கிறது. தாத்தா காலமாகிவிட்டார்; ஆர்.சி. புத்தகம் இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது, கடைசியாக 2014 வரை புதுப்பித்திருக்கிறார்கள். இந்த வண்டியை கஃபே ரேசராக மாற்ற விரும்புகிறேன். பின்பக்கச் சேஸிஸை வெட்டி, ஒற்றை சீட், தாழ்ந்த ஹேண்டில்பார், திறந்த ஏர் ஃபில்டர், குட்டைச் சைலன்சர், தடித்த டயர் எல்லாம் போட வேண்டும் என்பது திட்டம். 40,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். ஸ்பேனர் பிடித்துப் பழக்கமில்லை. ஆனாலும் முடிந்தவரை என் கையாலேயே செய்ய ஆசைப்படுகிறேன். எங்கிருந்து தொடங்குவது? இதற்குச் சட்டத்தில் இடம் உண்டா? அம்மாவைப் பின்னால் உட்கார வைத்து வாரச்சந்தைக்குப் போகவும் இந்த வண்டியே வேண்டும்.

பதில்:

அன்புள்ள தம்பிக்கு, வணக்கம்.

நீங்கள் அனுப்பிய நான்கு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றாவது படத்தின் ஓரத்தில், இன்னும் பிரிக்கப்படாத அட்டைப்பெட்டிக்குள் ஒரு கட்டிங் மெஷின் இருப்பது தெரிகிறது. அது பிரிக்கப்படாமலேயே இருக்கட்டும் என்பதுதான் என் முதல் வேண்டுகோள். பழைய வண்டிகளைச் சீரமைக்கும் பட்டறையை நீண்ட காலமாக நடத்தி வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் பாதியில் கைவிட்ட வண்டிகள் என் பட்டறைக்கு வரும்போது, அவற்றில் பெரும்பாலானவை எஞ்சின் கோளாறால் கைவிடப்பட்டவையாக இருப்பதில்லை. முதல் வாரத்திலேயே வெட்டப்பட்டு, அதன்பின் எதை எதனுடன் பொருத்துவது என்று தெரியாமல் சாக்குப் பைகளில் கட்டி வைக்கப்பட்டவையாகவே இருக்கின்றன. ஆகவே உங்கள் தாத்தாவின் வண்டி, அவர் ஓட்டிய அதே உருவத்தில், முதலில் ஓட வேண்டும். நிறுத்தும்போது ஒழுங்காக நிற்க வேண்டும். அதன் காகிதங்கள் உங்கள் பெயருக்கு வர வேண்டும். இந்த மூன்றும் முடிந்த பிறகு, ஸ்பேனரால் கழற்றி மீண்டும் ஸ்பேனராலேயே பழையபடி பூட்டக்கூடிய மாற்றங்களை மட்டும், ஒவ்வொன்றாகச் செய்யுங்கள்.

காகிதங்களை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இந்த வரிசையில் வேலை செய்ய வேண்டும் என்பதற்கு அவையே வலுவான காரணம். ஒரு வண்டியின் பதிவு முதல் 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். உங்கள் வண்டிக்கு 2004-இல் முதல் கெடு முடிந்து, இரண்டு முறை புதுப்பிக்கப்பட்டு, 2014-இல் நின்றுபோயிருக்கிறது. மீண்டும் புதுப்பிக்கப் படிவம் 25-இல் விண்ணப்பித்து, வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர் முன் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். உரிமையாளர் இறந்துவிட்டதால், வாரிசு பெயருக்கு மாற்றுவதற்குப் படிவம் 31 தனியாக உண்டு. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். காலம் கடந்துவிட்டதால் தாமதக் கட்டணமும் பசுமை வரியும் சேரும். பெயர் மாற்றம் முதலிலா, புதுப்பிப்பு முதலிலா என்பதை உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நேரிலேயே கேட்டுவிடுங்கள். இடைத்தரகர் வாய்வழியாகச் சொல்வதை நம்பி இருமுறை அலைய வேண்டாம். ஆய்வுக்குப் போகும் நாளில் சேஸிஸ் எண்ணின்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுப்பார்கள். அந்த எண் தெளிவாக விழ வேண்டும். துருவை எடுக்கிறேன் என்று அந்த இடத்தில் உப்புக்காகிதம் போட்டுத் தேய்ப்பதோ, தடிமனாகப் பவுடர் கோட்டிங் அடித்து எண்ணை மூடுவதோ வண்டியின் அடையாளத்தையே அழிப்பதாகும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்தால் போதும்.

இனி உங்கள் சட்டக் கேள்விக்கு வருகிறேன். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி ஒரு வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். சேஸிஸை வெட்டுவது இதில் நேரடியாக மாட்டும். ஒற்றை சீட்டும் நீங்கள் நினைப்பதைப்போல் வெறும் அழகு சார்ந்த மாற்றமல்ல, ஆர்.சி.யில் இருக்கை எண்ணிக்கை இரண்டு என்று இருக்கும்போது, அதை ஒன்றாக்குவது அந்தப் பதிவையே பொய்யாக்குகிறது. நிறமும் ஆர்.சி.யில் ஏறும் விவரம்தான் என்பதால், டேங்கின் நிறத்தை மாற்ற நினைத்தால் பெயின்ட் கடைக்குப் போவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, மாற்றத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். சத்தம் கூடிய சைலன்சர் தனிக் குற்றம்: 190-ஆம் பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதமும், மூன்று மாதம் ஓட்டுநர் உரிமத் தகுதி இழப்பும் உண்டு. இவற்றையெல்லாம் உங்களைப் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. விபத்து என்று ஒன்று நடந்துவிட்டால், காப்பீட்டு நிறுவனம் முதலில் தேடுவது அறிவிக்கப்படாத மாற்றம் ஏதாவது இருக்கிறதா என்பதைத்தான். உங்களுக்குப் பின்னால் உட்காரப்போகிறவர் உங்கள் அம்மா என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சேஸிஸை வெட்ட வேண்டாம் என்பதற்குச் சட்டத்தை விடவும் எனக்குப் பெரியதாகப் படுகிற ஒரு காரணம் உண்டு. தொழிலுக்கு வந்த மூன்றாவது ஆண்டில், ஒருவர் கேட்டுக்கொண்டதற்காக இதேபோன்ற ஒரு புல்லட்டின் பின்பகுதியை வெட்டி, வளைத்த குழாய் ஒன்றை வைத்து வெல்டிங் செய்து கொடுத்தேன். பார்க்க மிக நன்றாக இருந்தது. எட்டு மாதம் கழித்து அவர் வேறு ஏதோ வேலைக்காக வண்டியைக் கொண்டுவந்தபோது, ஷாக் அப்சார்பரின் மேல் போல்ட்டுக்கு இரண்டு விரல் தள்ளி, கறுப்புப் பெயின்ட்டின் மேல் தலைமுடி அளவுக்கு ஒரு செம்பழுப்புக் கோடு ஓடியிருந்ததைப் பார்த்தேன். விரலால் துடைத்தேன், போகவில்லை. பெயின்ட்டைச் சுரண்டியபோது வெல்டிங்கை ஒட்டிய குழாய் பாதிச் சுற்றளவுக்கு விரிசல் விட்டிருந்தது. அந்த விரிசலின் துருதான் பெயின்ட் வழியாக வெளியே கசிந்திருந்தது. வெல்டிங் பலமாகவே இருந்தது. அதன் ஓரத்தில் சூடேறிப் பதம் மாறிய குழாய்தான் நாள்தோறும் வாங்கிய அதிர்வில் சோர்ந்துபோனது. புல்லட்டில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முன்பக்கம் இறங்கும் சேஸிஸ் குழாய் எஞ்சினுக்கு அடியில் சுற்றிப் போவதில்லை, எஞ்சினோடு நின்றுவிடுகிறது. எஞ்சினே சேஸிஸின் அடிப்பகுதியாக நின்று பாரத்தைத் தாங்குகிறது. ஒரு இடத்தில் பலத்தைக் குறைத்தால் அதன் சுமை வேறெங்கோ போய்ச் சேரும் அமைப்பு அது. கணக்குப் போட்டு, சோதித்துப் பார்த்து வெட்டுகிற திறமைசாலிகள் உலகில் இருக்கிறார்கள். முதல் வண்டியில் அதைச் செய்ய வேண்டாம்.

நீங்கள் தேர்ந்தெடுத்த பாணியைப் பற்றியும் ஒரு மாற்றுக் கருத்தைச் சொல்ல அனுமதியுங்கள். கஃபே ரேசர் என்பது 1950-களிலும் 60-களிலும் லண்டனின் ஏஸ் கஃபே போன்ற தேநீர்க் கடைகளைச் சுற்றி வளர்ந்தது. மணிக்கு நூறு மைல் வேகத்தைத் தொட ஆசைப்பட்ட இளைஞர்கள், காற்றைக் கிழிக்கக் குனிந்து உட்காருவதற்காக ஹேண்டிலைத் தாழ்த்திக்கொண்டார்கள். இங்கிலாந்தில் இருந்த ராயல் என்ஃபீல்டே 1960-களின் நடுவில் கான்டினென்டல் ஜி.டி. என்ற 250 சி.சி. வண்டியை அந்த உருவத்தில் ஆலையிலிருந்தே விற்றது. வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று நெஞ்சைத் தூக்கிப் பிடிப்பதால் அந்த இருப்பில் மணிக்கட்டுக்குப் பாரம் குறையும். உங்கள் வண்டியின் எஞ்சினோ 70 மி.மீ. போரும் (சிலிண்டரின் விட்டம்) 90 மி.மீ. ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் நகரும் தூரம்) கொண்ட 346 சி.சி. எஞ்சின், புதிதாக இருந்தபோதே 18 குதிரைத்திறன்தான். பிஸ்டன் நீண்ட தூரம் ஏறி இறங்குகிற இந்த அமைப்பு, குறைந்த சுற்றிலேயே நல்ல இழுவிசை தருவதற்காகப் பிறந்தது. அதன் இயல்பான நடை மணிக்கு 50 முதல் 70 கிலோமீட்டர். அந்த வேகத்தில் குனிந்து உட்கார்ந்து கிராமத்துச் சாலையில் போனால், உடலின் பாரமெல்லாம் மணிக்கட்டில் இறங்கும்; அதற்கு மேல் இந்த எஞ்சினின் அதிர்வும் சேரும். சந்தைக்குப் போய்த் திரும்புவதற்குள் உள்ளங்கை மரத்துவிடும்.

அப்படியானால் இந்த வண்டிக்கு எந்த உருவம் பொருந்தும் என்று கேட்டால், அதன் சொந்த வரலாற்றிலேயே விடை இருக்கிறது. 1948-இல் இங்கிலாந்தில் புதிய புல்லட் முதலில் தன்னை நிரூபித்தது கல்லும் சேறும் நிறைந்த ட்ரையல்ஸ் போட்டிகளில்தான். பின்சக்கரம் மேலும் கீழும் அசைந்து கொடுக்கும்படி தாங்கும் ஸ்விங் ஆர்ம் வைத்த வண்டி அது. கரடுமுரடான பாதையில் அதன் சக்கரம் தரையை விடாமல் பிடித்துக்கொண்டது அன்றைக்குப் பெரிய விஷயம். ஜானி பிரிட்டன் என்ற வீரர் ராயல் என்ஃபீல்டில் 1952-லும் 1957-லும் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் ட்ரையல்ஸை வென்றார். அந்த நினைவில் 2019-இல் அந்த நிறுவனமே புல்லட் ட்ரையல்ஸ் என்ற பெயரில் ஒரு வண்டியை வெளியிட்டது. உயர்ந்த, அகலமான ஹேண்டில்பார், நிமிர்ந்த இருப்பு, மெலிந்த மட்கார்டு, 19 அங்குலச் சக்கரம், மண்ணையும் தாரையும் பிடிக்கும் பட்டன் டயர்: இவை அனைத்தும் உங்கள் வண்டியில் ஏற்கெனவே இருக்கிற பொருத்துமிடங்களிலேயே ஏறிவிடும். கட்டிங் மெஷினுக்கு வேலையே இல்லை. உங்கள் ஊர்ச் சாலைக்கும் அதுவே ஏற்றது. இருந்தாலும் இது உங்கள் வண்டி. கஃபே ரேசர்தான் மனத்துக்குப் பிடித்திருக்கிறது என்றால், ஓரிரண்டு அங்குலம் மட்டும் தாழ்ந்த நேர் ஹேண்டில்பார் ஒன்றைப் போட்டு ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். போல்ட்டில் நிற்கும் மாற்றம் என்பதால் நட்டமில்லை.

முதலில் ஓட வைப்பது எப்படி என்று பார்ப்போம். பதினோரு ஆண்டுகள் நின்ற வண்டியில் எக்காரணம் கொண்டும் நேரே பெட்ரோல் ஊற்றி கிக் செய்யாதீர்கள். புல்லட்டில் எண்ணெய்த் தொட்டி எஞ்சின் கூட்டுக்குள்ளேயே ஓர் அறையாக இருக்கிறது. பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் கீழ்முனையில் இருப்பது மிதக்கும் புஷ். அந்தப் புஷ் எண்ணெய்ப் படலத்தின்மேல் சுழலும்படி அமைந்தது. வறண்ட நிலையில் சில நிமிடம் ஓடினாலே கீறல் விழும், கீறல் விழுந்தால் எஞ்சினை முழுவதும் பிரித்துக் கிராங்க் வேலை பார்க்க வேண்டியதுதான். ஆகவே பழைய எண்ணெயை முழுவதும் வடித்துவிட்டு, ஃபில்டரை மாற்றி, 20டபிள்யூ-50 எண்ணெயைப் புதிதாக ஊற்றுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, அழுத்தம் இல்லாத நிலையில் கிக்கரைப் பல முறை நிதானமாக மிதியுங்கள். எஞ்சின் தலைப்பகுதிக்கு ஏறும் மெல்லிய எண்ணெய்க் குழாயின் போல்ட்டைச் சற்றே தளர்த்தி வைத்தால், பம்ப் வேலை செய்யும்போது அந்த இடத்தில் எண்ணெய் கசிந்து மினுங்கும். அந்தக் கசிவைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பிளக்கைப் பூட்ட வேண்டும்.

டாப்பெட் (வால்வுகளைத் திறக்கும் பாகங்களின் இடைவெளி) சரிபார்ப்பது இந்த எஞ்சினில் மிக எளிது. புதிதாகப் பழகுகிறவருக்குத் தன்னம்பிக்கை தரும் வேலையும்கூட. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, பிஸ்டன் கம்ப்ரஷனில் மேலே நிற்கும்படி வைத்து, வலப்பக்கம் சிலிண்டரின் அடியில் உள்ள சிறிய மூடியைக் கழற்றினால் இரண்டு புஷ் ராடுகள் தெரியும். ஒவ்வொன்றையும் இரண்டு விரலால் திருகிப் பாருங்கள். தடையின்றிச் சுழல வேண்டும். ஆனால் மேலும் கீழுமாக ஆடக் கூடாது. பிளக்கில் பொறி எழச் செய்யும் சுவிட்சான பாயிண்ட் செட்டின் முகத்தை மெல்லிய எமரி காகிதத்தால் சுத்தம் செய்து, முழுவதும் திறந்த நிலையில் 0.35 முதல் 0.40 மி.மீ. இடைவெளி வரும்படி ஃபீலர் கேஜ் என்ற இடைவெளி அளக்கும் தகட்டை வைத்துச் சரிசெய்யுங்கள். ஒரு சிறிய எச்சரிக்கை: அந்தக் காலத்து வண்டியில் பல நட்டுகள் பழைய ஆங்கிலேய அளவில் இருக்கும். மில்லிமீட்டர் ஸ்பேனர் ஏறத்தாழப் பொருந்துவதுபோல் தெரியும். பலம் கொடுத்ததும் நட்டின் முனைகளை மழுக்கிவிடும். பழைய புல்லட் மெக்கானிக் ஒருவரிடம் கேட்டு, அதற்குரிய ரிங் ஸ்பேனர்களை வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் 40,000 ரூபாயில் முதல் செலவு இதுவாக இருக்கட்டும்.

டேங்கைப் பற்றி ஒன்றை உறுதியாகச் சொல்ல வேண்டும். உள்ளே துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால், அதை அக்கம்பக்கத்து வெல்டிங் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். பல ஆண்டுகளாகக் காலியாகக் கிடந்த டேங்கிலும் பெட்ரோல் ஆவி தங்கியிருக்கும். அது வெடித்து உயிர் போனதுண்டு. ஓட்டை இல்லாவிட்டால், வினிகரை நிறைத்து ஓரிரு நாள் ஊறவைத்து, கைப்பிடியளவு நட்டுகளைப் போட்டுக் குலுக்கி, கொட்டிவிட்டு, சோடா உப்புக் கரைசலால் கழுவி, அன்றே நன்றாகக் காயவைத்து உட்புறம் எண்ணெய் பூசிவிடுங்கள். ஈரம் தங்கினால் மறுநாளே புதுத் துரு படரும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். 1989-இல் செய்த ரப்பர் குழாயையும் கார்புரேட்டர் பேக்கிங்கையும் ஊதச் செய்து இளக்கிவிடும். அவற்றை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள். வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் டேங்கில் பெட்ரோலைத் தேக்கி வைக்காதீர்கள்.

டேங்கின் வெளிப்புறத்தைப் பொறுத்தவரை, பெயின்ட்டை உரிப்பதற்கு முன் சோப்புத் தண்ணீரால் மெதுவாகக் கழுவிப் பாருங்கள். ராயல் என்ஃபீல்டின் திருவொற்றியூர் ஆலையில் டேங்கின் தங்கக் கோடுகளை அச்சில் ஒட்டவில்லை; மனிதர்கள் தூரிகை பிடித்துக் கையாலேயே இழுத்தார்கள். உங்கள் இரண்டாவது படத்தில், தூசுக்கு அடியில், இடப்பக்கம் அந்தக் கோடு முழங்கால் படும் இடம் வரை தொடர்வதுபோல் எனக்குத் தெரிகிறது. அது மிஞ்சியிருந்தால், தயவுசெய்து அதை அப்படியே விட்டுவிடுங்கள். உங்கள் தாத்தாவின் முழங்கால் தேய்த்த தேய்மானத்தோடு இருக்கும் அந்த டேங்குக்கு ஈடாக எந்தப் புதுப் பெயின்ட்டையும் என்னால் அடித்துத் தர முடியாது.

வயரிங் மாட்டுக்கொட்டகையில் எலிக்கு இரையாகியிருக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் பிய்த்துப்போடாமல், ஒவ்வொரு வயரின் இரு முனையிலும் காகிதப் பட்டி ஒட்டி, படம் எடுத்து, ஒன்றைக் கழற்றி அந்த ஒன்றையே மாற்றி வாருங்கள். 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்பதைப் பழைய பல்பின் அடியில் பார்த்துக்கொண்டு பேட்டரி வாங்குங்கள். பேட்டரிக்கு அருகிலேயே ஒரு ஃபியூஸ் கட்டாயம் வேண்டும்.

அடுத்தது பிரேக், பணத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாத இடம் இதுவே. டிரம்மைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் சாம்பல் நிறத் தூசியை வாயால் ஊதவோ கம்ப்ரசர் காற்றால் அடிக்கவோ கூடாது. அந்தக் காலத்துப் பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராத நஞ்சு அது. முகமூடி அணிந்து, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். டிரம் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால், ஸ்போக் கட்டிய சக்கரத்தோடேயே லேத்தில் ஏற்றிச் சமப்படுத்தி, புதிய ஷூ போட வேண்டும். டயரில் பட்டன் தேயாமல் இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். அத்தகைய டயரில் அம்மாவை ஏற்றக் கூடாது. இரண்டையும் ட்யூபோடு மாற்றுங்கள், அதே 19 அங்குலத்தில். தடித்த பின் டயர் உங்கள் ஸ்விங் ஆர்முக்குள் செயினை உரசும். உரசாமல் தப்பினாலும் வண்டி வளைவில் சாயத் தயங்கும்.

ஓட்டத் தொடங்கும் நாளைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் கால்கள் இன்றைய வண்டிகளுக்குப் பழகியவை. 1989 புல்லட்டில் கியர் வலக்காலில், ஒன்று மேலே மூன்று கீழே. பின் பிரேக் இடக்காலில். நாய் குறுக்கே ஓடும் அந்த நொடியில் உங்கள் வலக்கால் பழக்கத்தால் அழுத்துவது கியர் லிவரைத்தான், வண்டி நிற்காது. ஊர் மைதானத்தில் ஒரு வாரமாவது தனியாகச் சுற்றிப் பழகுங்கள். கிக் செய்வதற்கும் ஒரு முறை உண்டு. சாவியைப் போட்டு, ஆம்பியர் மீட்டரின் முள்ளைப் பார்த்தபடி கிக்கரை மெதுவாக அழுத்தினால், முள் இடப்பக்கம் சாய்ந்து, ஓரிடத்தில் நடுவுக்குத் திரும்பி நிற்கும். காலுக்குக் கீழே கம்ப்ரஷன் கட்டியாகத் தட்டுப்படும். அங்கே, சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரஷன் லிவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை இன்னும் சிறிது இறக்கி, லிவரை விட்டுவிட்டு, கிக்கர் மேலே வந்ததும் ஒரே சீரான மிதி. பலம் தேவையில்லை. முள்ளைப் பார்க்காமல் மிதிப்பவரைத்தான் கிக்கர் திருப்பி அடிக்கும்.

இப்படி ஐந்நூறு கிலோமீட்டர் ஓடி, எண்ணெய் ஒருமுறை மாற்றி, எங்கே கசிகிறது, எங்கே தளர்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு மாற்றங்களுக்கு வாருங்கள். கழற்றும் ஒவ்வொரு மூலப் பாகத்தையும் எண்ணெய் தடவித் துணியில் சுற்றிப் பரணில் வைத்துவிடுங்கள். மட்கார்டைச் சுருக்க வேண்டுமென்றால் உங்கள் வண்டியுடையதை வெட்டாதீர்கள். சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய பாகச் சந்தையில் அதே மாடல் மட்கார்டு ஒன்றை வாங்கி, அதில் கை வையுங்கள். தவறினால் நட்டம் அந்த ஒரு தகடு மட்டுமே. ஹேண்டில்பாரை மாற்றியதும் எஞ்சின் ஓடும்போதே இரண்டு பக்கமும் முழுவதும் திருப்பிப் பாருங்கள். திருப்பும்போது எஞ்சின் சுற்று தானாகக் கூடினால் ஆக்ஸிலரேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று பொருள், அந்த நிலையில் சாலைக்குப் போகவே கூடாது. கிளட்ச், பிரேக் கேபிள்களையும் அதே உயரத்துக்கு ஏற்ற நீளத்தில் புதிதாகப் போட வேண்டும்.

திறந்த ஏர் ஃபில்டரை நான் பரிந்துரைக்கவில்லை. காற்று கூடுதலாகப் போய், அதற்கேற்ற பெட்ரோல் போகாவிட்டால் எஞ்சின் சூடேறிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்; கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட்டை மாற்றி, ஒவ்வொரு முறையும் ஓட்டி நிறுத்தி, பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்த்துச் சரிசெய்யத் தெரிந்தவருக்கே அது. பிளக்கின் நுனி பழுப்பாக இருந்தால் கலவை சரி. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. கரி படிந்திருந்தால் அதிகம். சைலன்சரை மாற்றினாலும் இதே கதைதான். அதோடு, உங்கள் ஊர்த் தூசியை அந்தப் பஞ்சு ஃபில்டர் எவ்வளவு தடுக்கும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். சீட்டைப் பொறுத்தவரை, இருவர் அமரக்கூடிய நீளத்திலேயே, பஞ்சைக் குறைத்து மெலிதாக, நல்ல தையல்காரரிடம் புதிதாகச் செய்துகொள்ளலாம். வண்டியின் தோற்றத்தை மாற்றுவதில் சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் உள்ள பங்கு வேறெதற்கும் இல்லை. இரண்டையும் சேர்த்து உங்கள் பணத்தில் கால் பங்குக்குள் முடிக்கலாம். மீதம் எண்ணெய், டயர், பிரேக், வயரிங், ஆர்.டி.ஓ. கட்டணம் என்று கண்ணுக்குத் தெரியாத இடங்களுக்கே போகும். எஞ்சினில் போரிங் வேலை (தேய்ந்த சிலிண்டரைக் கடைவது) வந்தால் தொகை போதாது, அந்த ஆண்டு சீட் வேலையைத் தள்ளிவைத்துவிடுங்கள்.

சாரி கார்டைக் கழற்றலாமா என்று உங்கள் கடிதத்தின் ஓரத்தில் தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். கூடாது. பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடி, கால் வைக்கும் இடம், துணி சக்கரத்தில் சிக்காதபடி சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் தடுப்பு ஆகியவை மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதியின்படி கட்டாயம். முந்தானை ஸ்போக்கில் சுற்றிக்கொள்ள ஒரு நொடி போதும். அதை வண்டியின் நிறத்துக்கே கறுப்பு அடித்துக்கொண்டால் கண்ணை உறுத்தாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை செய்வதற்கு ஒரே ஒரு வேலையைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். வண்டியைக் கொட்டகையிலிருந்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, எதையும் கழற்றுவதற்கு முன் எல்லாப் பக்கமும் ஐம்பது அறுபது படங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஸ்பார்க் பிளக்கை மட்டும் கழற்றி, அந்தத் துளை வழியாக இரண்டு கரண்டி எஞ்சின் எண்ணெயைச் சிலிண்டருக்குள் ஊற்றி, துளையைச் சுத்தமான துணியால் மூடிவிடுங்கள். ஒரு வாரம் ஊறட்டும். அடுத்த ஞாயிறு கிக்கரைக் காலால் மிதிக்காமல் கையால் அழுத்திப் பாருங்கள். இறங்கினால் பிஸ்டன் பிடிக்கவில்லை என்று அர்த்தம். மேலே சொன்ன வரிசையில் தொடங்கலாம். இறங்கவில்லை என்றால் பலம் கொடுக்காமல், மறுபடி எண்ணெய் ஊற்றி இன்னொரு வாரம் காத்திருங்கள். அதற்கும் அசையாவிட்டால், கழற்றிய பிளக்கின் நுனியைப் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்து எனக்கு எழுதுங்கள். தலையைக் கழற்றும் வேலையை எப்படித் தொடங்குவது என்று அதற்கேற்பச் சொல்கிறேன்.